சந்தனம் வைத்த டிஸ்குகள்

குமுதா செய்த காரியத்தைக் கேட்டால் யாருக்கும் முதலில் சிரிப்புதான் வரும். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் ஆயுதபூசையன்று தொழில் சாமான்களைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிற எந்த வீட்டிலும் இது நடந்திருக்கக்கூடியதுதான். மற்ற வீடுகளில் பிளாப்பி டிஸ்கு இல்லை, அதனால் தப்பித்தார்கள், அவ்வளவே.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குப் பின்சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதுதான் குமுதாவின் கடை. அறையில் பாதியை ஒரே ஒரு எம்பிராய்டரி மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் நூல்கண்டு, துணி, ஒரு ஸ்டூல், அவள். பள்ளிக்கூடச் சின்னம், ரவிக்கைக் கழுத்து, கோயில் தொண்டர் சட்டைக்குப் பெயர் என்று பதினோரு வருஷமாக அந்த மெஷின்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. மெஷினுக்கு வயது முப்பதுக்குக் குறையாது. பென்டிரைவ் செருக ஓட்டை கிடையாது, இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது. பக்கவாட்டில் ஒரு வாய் இருக்கும். அதில் பிளாப்பி டிஸ்கைச் செருகினால் படித்துப் பார்த்துத் தைக்கும். அதிலும் சாதாரண டிஸ்கு ஆகாது. ஒன்று புள்ளி நாற்பத்து நாலு எம்பி என்று எழுதியதைத் துப்பிவிடும். அதற்கும் முந்தின, அதில் பாதி கொள்கிற எழுநூற்று இருபது கேபி வகைதான் வேண்டும். டிஸ்குக்குப் பதிலாகப் பென்டிரைவ் செருகுகிற பெட்டி ஒன்றைப் போன வருஷம் வாங்கி மாட்டிப் பார்த்தாள். மெஷின் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இந்த மெஷினை அவள் வாங்கிய கதையைச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது. கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் மேருவில் ஒரு சட்டைக் கம்பெனியில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் இதே மெஷினுக்கு முன்னால் நின்றாள். அங்கே கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் ஒரு மரத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். நாற்பது பெண்களுக்கு இரண்டு மரத்துண்டு. இன்னொருத்தி திரும்பி வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். எத்தனையோ மறந்துவிட்டது, இதை மட்டும் அவள் மறக்கவில்லை.

அங்கே ஆபரேட்டர்கள் டிஸ்கைச் செருகலாம், எடுக்கலாம், அதோடு சரி. படத்தைத் தையலாக மாற்றி டிஸ்கில் ஏற்றும் வேலைக்குப் ‘பஞ்சிங்’ என்று பெயர். அதற்குக் குளிர்சாதன அறை, தனி ஆள். டிஸ்கு வாங்கி வரப் போகும்போதெல்லாம் கிடைத்த இரண்டு நிமிஷத்தில் குமுதா அந்தத் திரையைப் பார்த்துக்கொள்வாள். மீதியைத் துணியே சொல்லிக்கொடுத்தது. சின்னத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால் எந்தத் தையல் முதலில் விழுந்தது, எது அதன்மேல் ஏறியது என்று தெரியும். வருஷக்கணக்கில் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பெனி புது மெஷின்களை இறக்கிப் பழையதை இரும்புக்குப் போட்டபோது, கணவன் விஜயனின் லோரியில் அதை ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கித் தானே பஞ்சிங் செய்தாள். கம்ப்யூட்டர் மூன்று வருஷத்துக்கு முன்னால் மண்டையைப் போட்டது. அதற்குள் முப்பத்திரண்டு டிஸ்கு நிறைய டிசைன்கள் சேர்ந்திருந்தன. புத்திசாலி அல்லவா, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலும் எடுத்து வைத்திருந்தாள். ஆக அறுபத்து நாலு, எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில்.

வருஷா வருஷம் ஆயுதபூசைக்கு மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் டின்னுக்கும் பொட்டு வைப்பாள். இந்த வருஷம் வேலை குறைந்து மனசு சரியில்லாமல் இருந்தது. டின்னுக்கு மட்டும் வைத்தால் உள்ளே இருப்பவைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று ஒரு யோசனை வந்தது. உட்கார்ந்து அறுபத்து நாலு டிஸ்கையும் வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தின் நடுவில் பளபளவென்று ஒரு தகடு இருக்குமல்லவா, நெற்றி மாதிரி, அதில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தாள். அந்தத் தகடு ஓடித் திறக்கிற கதவு. திறந்தால் உள்ளே இருப்பது டிஸ்கின் உயிர்.

மறுநாள் காலை கேரி தீவுத் தமிழ்ப்பள்ளியின் சின்னம் இருந்த டிஸ்கைச் செருகினாள். மெஷின் கர்ரென்று ஒரு சத்தம் போட்டுப் பிழை என்று காட்டியது. நகலைச் செருகினாள். அதற்கும் அதே சத்தம். பதற்றத்தில் அடுத்தது, அதற்கடுத்தது என்று பதினொரு டிஸ்கைச் செருகிவிட்டாள். ஒன்றையும் படிக்கவில்லை.

அந்தப் பள்ளியின் வேலைதான் அவள் மலைபோல் நம்பியிருந்தது. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் புதுச் சீருடை, அதில் புதிதாகத் தைத்த அதே சின்னம். தலைமையாசிரியை மாதவி கண்டிப்பானவர். அடுத்த வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை மாதிரிச் சின்னம் தன் மேசைமேல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஷா ஆலாமில் சூடுவைத்து ஒட்டித் தரும் அச்சுக்கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த வேலை போனால் கடையைத் திறந்து வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

ரிப்பேர்காரன் ஒருவன் வந்தான். பத்து நிமிஷம் மெஷினைச் சுற்றி வந்து, போர்டு போய்விட்டது, இதற்கெல்லாம் சாமான் கிடைக்காது, புதுசு வாங்குங்கள் ஆன்டி என்றான். மூடியைக் கழற்றினானா என்றால் அதுவும் இல்லை. அன்று சாயங்காலமே பழைய சூப்பர்வைசர் சுகுமாறன் போன் செய்தார். அவர் இப்போது மேருவில் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். ஆபரேட்டர் ஒருத்தி நின்றுவிட்டாள், குமுதா வருவதானால் வேறு ஆள் பார்க்கமாட்டேன், அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான். அவர் கூப்பிட்டதே அவளுக்கு அழுகையாக வந்தது.

விஜயனுக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. “போயிட்டு வா லா. மாசம் பொறந்தா சம்பளம். இந்த இரும்ப நான் மொதல்லயே வேணாம்னு சொன்னேன்,” என்றான். அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இடுப்பு வலியோடு லோரி ஓட்டுகிறவன்.

சனிக்கிழமை ஜரீனா வந்தாள். நாகப்பட்டினத்துப் பெண். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, பக்கத்திலேயே ஒரு ஆபிசில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தீபாவளிக் கடைகளைப் பார்க்கக் கொமுட்டர் ரயிலேறி வந்தவள், குர்த்தியின் கழுத்து வேலைக்காகக் குமுதாவிடம் பழக்கமானாள். குர்த்தியை வாங்கிக்கொண்டு போகவேண்டியவள் குமுதாவின் முகத்தைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு டிஸ்கைக் காட்டச் சொன்னாள்.

குமுதா டின்னைத் திறந்தாள். அறுபத்து நாலு நெற்றியும் மங்களகரமாக இருந்தன. ஜரீனா சிரிக்கவில்லை, அதை இங்கே சொல்லியாக வேண்டும். அவளுடைய வாப்பா ஊரில் படகு எஞ்சின் பட்டறை வைத்திருப்பவர், வேலையாட்கள் ஆயுதபூசைக்கு எஞ்சினுக்கெல்லாம் சந்தனம் தெளிப்பார்களாம், பொரிகடலை வாங்கக் காசு வாப்பாதான் கொடுப்பாராம். அதைச் சொல்லிக்கொண்டே தகட்டை நகத்தால் தள்ளினாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக மடியில் உதிர்ந்தது.

“அக்கா, இதுல எத்தனைய மெஷினுக்குள்ள விட்டீங்க?”

பதினொன்று என்று சொல்லும்போதே குமுதாவுக்குப் புரிந்துவிட்டது. சந்தனத் தூள் மெஷினின் வாய்க்குள் விழுந்து படிக்கிற முனையில் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் உள்ளே போன ஒவ்வொரு டிஸ்கையும் அந்த முனையே சுரண்டியிருக்கிறது. போர்டும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. கெடுத்தது தன் கைதான். இரும்பைத் திட்டிக்கொண்டிருந்த விஜயனிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. ஒரு வாரம் முழுக்கச் சொல்லவில்லை.

ஜரீனா இரண்டு காரியம் சொல்லிவிட்டுப் போனாள். இனி ஒரு டிஸ்கையும் எதிலும் செருகக்கூடாது. மெஷினுக்குள் போகாத ஐம்பத்து மூன்றையும் தண்ணீர் படாமல் சுத்தம் செய்யவேண்டும். கம்ப்யூட்டரில் செருகும் பிளாப்பி டிரைவ் ஒன்றைத் தான் ஆன்லைனில் ஆர்டர் செய்து, அடுத்த சனிக்கிழமை லேப்டாப்போடு வருவதாகச் சொன்னாள்.

அந்த வாரம் குமுதா செய்த வேலையை ஒரு டாக்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் தகட்டை நெம்பிக் கழற்றினாள். மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தாள். தூள் உள்ளே போயிருந்தால் பிளாஸ்டிக் கூட்டையே இரண்டாகப் பிளந்து, பூப்போல இருந்த கறுப்பு வட்டத்தை எடுத்து கூட்டைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்து மூடினாள். பதினோரு வருஷம் நூல் பிரித்த விரல், ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. மெஷினின் வாயான டிரைவையும் நாலு ஸ்குரு கழற்றி வெளியே எடுத்தாள். பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த முனையைத் துடைத்தபோது பஞ்சு மஞ்சளாக வந்தது. பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே ஜரீனா வந்து லேப்டாப்பைத் திறந்தாள். அதில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்றாள். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் பாதிக்குப் பிளாப்பி என்றால் யாரென்றே தெரியாது, லினக்ஸ் இன்னும் முகத்தை மறக்கவில்லை என்றாள். டிரைவைச் செருகியதும் கறுப்புத் திரையில் நாலு வரி வந்து, புதிதாக ஒரு சாதனம் வந்திருக்கிறது, அதன் பெயர் எஸ்டிபி என்று காட்டியது.

பிறகு லேப்டாப்பைக் குமுதாவின் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். நீங்களே தட்டுங்கள், நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் ஆகவேண்டும் என்றாள். அந்தக் காலத்துக் குளிர்சாதன அறையின் வாசலில் நிற்பது போலத்தான் இருந்தது குமுதாவுக்கு. ஜரீனா ஒரே ஒரு பாடத்தை மூன்று தடவை சொல்லவைத்தாள்: எஸ்டிஏ என்றால் லேப்டாப்பின் வயிறு, தொடவே கூடாது, எஸ்டிபி என்றால் நம்ம டிஸ்கு.

டிஸ்கை நேராகத் திறந்து பார்க்கக்கூடாதாம். முதலில் அச்சு அசலாக ஒரு நகல், பிறகு எல்லா ஆராய்ச்சியும் நகலில். அதற்கு டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல். சுலபமாக வருவதையெல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். அடம்பிடிக்கிற இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் அவற்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும். மீன் சாப்பிடுகிறவர்கள் சதையை முடித்துவிட்டு முள்ளுக்கு வருவதைப் போல என்று குமுதா சொன்னாள். இதைவிட நன்றாக யாரும் விளக்கியதில்லை என்று ஜரீனா ஒப்புக்கொண்டாள்.

சுத்தம் செய்த ஐம்பத்து மூன்றில் முதல் ஐந்தும் குறையில்லாமல் வந்தன. குமுதாவின் மூச்சு கொஞ்சம் சீரானது. பிறகு, மெஷின் சுரண்டிய பதினொன்றில் ஒன்றான பள்ளிச் சின்னத்தின் டிஸ்கையும் அதேபோல் துடைத்துச் செருகினாள். டிரைவ் கரகரத்தது, நின்றது, மறுபடி கரகரத்தது. ஒன்பது துண்டு வரவில்லை என்று திரை சொன்னது. இங்கேதான் அவளுடைய புத்திசாலித்தனம் கைகொடுத்தது. அந்தக் காலத்தில் கோப்பை மட்டும் நகலெடுக்காமல் டிஸ்கை முழுசாக அப்படியே நகலெடுத்திருந்தாள். ஆகவே முதல் டிஸ்கில் எந்த ஒன்பது இடம் காயமோ, அந்த ஒன்பதை மட்டும் இரண்டாவது டிஸ்கிடம் கேட்கலாம். அதுவும் காயம் பட்டதுதான், ஆனால் வேறு இடங்களில். கேட்டாள். ஒன்பது ஆறானது, மூன்றானது, ஒன்றானது. அந்த ஒன்று நகரவேயில்லை. இருபது தடவை கேட்டும் நகரவில்லை.

“ஒரு துண்டுன்னா எவ்வளவுமா?” என்று கேட்டாள்.

ஜரீனா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்து. இந்த மெஷின் ஒரு தையலை மூன்று எழுத்தில் எழுதுகிறது. ஆக நூற்றெழுபது தையல். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு தையலும் போன தையலிலிருந்து எவ்வளவு தள்ளி என்றுதான் எழுதியிருக்கும். நடுவில் நூற்றெழுபது விட்டுப்போனால் அதற்கப்புறம் இருப்பது மொத்தமும் இடம் பெயர்ந்துவிடும். தையல் கோப்பைத் திறக்கும் ஒரு இலவச நிரலில் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது. கீழே விரித்த புத்தகம் சரியாக இருந்தது. செம்பனை மரம் பாதிவரை சரியாக இருந்தது. மூன்றாவது மட்டையில் ஏதோ உடைந்து, மிச்ச மட்டைகளும் பள்ளியின் பெயரும் ஒரு பக்கமாகச் சரிந்துபோய்க் கிடந்தன.

ஜரீனாவின் முகம் வாடிவிட்டது. இதை எப்படி நிரப்புவது என்று தனக்குத் தெரியாது என்றாள். குமுதா எழுந்து போய், போன வருஷம் தைத்த பழைய சின்னம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். திருப்பினாள். பின்பக்கத்தை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

“இது எனக்குத் தெரியும்,” என்றாள்.

மூன்றாவது மட்டை எங்கே தொடங்கியது, எந்தப் பக்கமாக ஏறியது, எங்கே நூல் தாவி நாலாவது மட்டைக்குப் போனது என்று எல்லாம் துணியில் இருந்தது. மூன்று வருஷமாகத் தொடாத வேலையை, பழக்கமில்லாத நிரலில், ஒற்றை விரலால் செய்தாள். இரண்டு தடவை தப்பாகி அழித்தாள். ஒரு தடவை கோபத்தில் மவுஸைத் தள்ளிவிட்டு வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாள். மத்தியானம் இரண்டரைக்குக் கடைசிப் புள்ளியை வைத்தபோது சரிந்து கிடந்த பெயர் தானாக நிமிர்ந்து மரத்துக்கு மேலே வந்து நின்றது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஜரீனா தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

இனி அதை டிஸ்கில் ஏற்றவேண்டும். பழைய டிஸ்குகளில் எழுதவேண்டாம், அவை இனி ஓய்வெடுக்கட்டும் என்று ஜரீனா புது டிஸ்கு ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தாள். அதுதான் வம்பு. அது மெஷினுக்கு ஆகாத ஒன்று புள்ளி நாற்பத்து நாலு வகை. மூலையில் கூடுதலாக ஒரு ஓட்டை இருக்கும். டிரைவ் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்துத்தான் வகையைத் தெரிந்துகொள்ளும். ஓட்டையை அடைத்துவிட்டால் பழைய வகை என்று நம்பிவிடும். அடைக்க ஒன்றும் கையில் இல்லாமல் குமுதா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினாள். டிரைவின் உள்ளே இருக்கும் சின்ன ஆணி அதைக் குத்தி உள்ளே தள்ளிவிட்டது. ஜரீனாவால் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. குமுதாவும் சிரித்தாள், ஒரு வாரத்தில் முதல் தடவையாக. பக்கத்து மோட்டார் கடையில் கறுப்பு வயர் டேப் வாங்கி வந்து ஒட்டியதும் டிஸ்கு ஒத்துக்கொண்டது. எழுநூற்று இருபதுக்குப் பார்மேட் செய்யும் நிரலைக் குமுதாவே தட்டினாள். எஸ்டிபி, எஸ்டிபி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

டிஸ்கை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நின்றபோதுதான் பயம் பிடித்துக்கொண்டது. துடைத்த முனை சரியாக உட்கார்ந்திருக்குமா, கையால் ஸ்குரு முடுக்கியதில் ஏதாவது கோணலாகியிருக்குமா, உண்மையிலேயே போர்டு போயிருந்தால் என்ன செய்வது? சுகுமாறன் இன்று போன் செய்வார். செருகினாள். மெஷின் கர்ரென்றது. குமுதா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பச்சைத் திரையில் கோப்பின் பெயர் இருந்தது.

பச்சை நூல் கோத்துப் பொத்தானை அழுத்தினாள். ஊசி இறங்கியது. புத்தகம் முடிந்து மரம் தொடங்கிய நேரத்தில்தான் விஜயன் மத்தியானச் சவாரி முடித்து வந்தான். சத்தத்தைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றான். போர்டு போன மெஷின் செம்பனை மரம் தைத்துக்கொண்டிருந்ததை ஒன்றும் புரியாமல் பார்த்தான். முதல் மட்டை முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவதும் இடம் தப்பாமல் போய் நாலாவதுக்குத் தாவியது. குமுதாவின் போன் அடித்தது. அவள் கையில் துணி இருந்ததால் விஜயன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். சுகுமாறன்தான். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்துவிடுவாளா என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் சத்தம் காதில் விழுந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் இருந்தவர், கண்டுபிடிக்காமல் இருப்பாரா? அது பழைய மெஷின்தானே, போய்விட்டது என்றாயே, யார் சரிசெய்தது என்று கேட்டார்.

ரிப்பேர்காரன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விஜயனும் நம்பியிருப்பான், விஷயம் அதோடு முடிந்திருக்கும். குமுதா கணவனைப் பார்த்தாள். மறைக்க வேண்டுமென்று இப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

“நான்தான் சார் கெடுத்தேன். டிஸ்குக்கெல்லாம் சந்தனம் வச்சேன், அது உள்ள போயிருச்சு. ஜரீனான்னு ஒரு பொண்ணு வழி சொல்லிச்சு. சரி பண்ணதும் நான்தான். வேலைக்கு வேற ஆள் பாத்துக்கங்க சார், கோவிச்சுக்காதீங்க. திங்கக்கெழம நான் கேரி தீவுக்குப் போவணும், என் பேட்ஜ குடுக்க.”

சுகுமாறன், நல்லது குமுதா, நல்லது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். விஜயன் போனை மெல்ல மேசைமேல் வைத்தான். திட்டுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, துணியைப் பிடித்திருந்த வளையத்துக்குள் ஒவ்வொரு எழுத்தாக விழுந்துகொண்டிருந்த பள்ளியின் பெயரைக் கடைசி எழுத்துவரை பார்த்தான். பார்த்துவிட்டு, திங்கட்கிழமை லோரியை எத்தனை மணிக்கு எடுக்கவேண்டும் என்று கேட்டான்.